கேள்வி – பதில்: கறுப்பு முகமூடி அணிந்தவரெல்லாம் நிஞ்சாவா?

கோவை வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, அதே பொருளைப் பற்றி மற்றவர்களும் எழுதலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, கோவை வாசகரின் கேள்வியை முதலில் வைத்து, இங்கே விடை தருகிறோம்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த ஒருவன் கூரைக்குக் கூரை தாவி, ஒரே இரவில் ஐம்பது பேரை வெட்டிச் சாய்க்கும் படம் ஒன்றை விடுதியில் பார்த்தோம். ‘அசல் நிஞ்சாப் படம் என்றால் இதுதான்’ என்றேன். ‘இது வெறும் சண்டைப் படம், நிஞ்சா வேடம் கட்டியிருக்கிறது’ என்றான் அறைத் தோழன். ஒரு தற்காப்புக் கலைப் படத்தை நிஞ்சாப் படம் என்று சொல்வதற்கு அதில் என்ன இருக்க வேண்டும்? எங்களில் யார் பக்கம் நியாயம்?

பதில்: உங்கள் தோழர் பக்கம்தான். ஐம்பது பேரை வெட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணிக்கையே அவருக்குச் சாட்சி. ஐம்பது பேர் கண்ணில் பட்டுவிட்ட நிஞ்சா, தன் தொழிலில் ஐம்பது முறை தோற்றவர்.

சொல்லிலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். ‘நிஞ்சா’ என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலாகிய உச்சரிப்பு. அதே எழுத்துகளை அதற்கு முன்பு ‘ஷினோபி நோ மோனோ’ என்றே படித்தார்கள், சுருக்கமாக ‘ஷினோபி’. இதற்கு வேராகிய வினைச்சொல்லுக்கு மறைந்திருத்தல், பொறுத்திருத்தல் என்று இரண்டு பொருள் உண்டு. எழுதும்போது இதயத்தைக் குறிக்கும் எழுத்தின்மேல் கத்தியின் அலகைக் குறிக்கும் எழுத்து அமர்ந்திருக்கும். வெட்டுதல், குத்துதல், தாவுதல் எதுவும் அந்தச் சொல்லின் பொருளில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வரலாற்றிலும் அப்படியே. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஜப்பான் முழுவதும் சிற்றரசர்கள் ஒருவரோடு ஒருவர் பொருதிக்கொண்டிருந்த காலத்தில், மலை சூழ்ந்த இகா, கோகா என்னும் இரண்டு பகுதிகளைச் சேர்ந்தவர்கள் கூலிக்கு ஒற்று வேலை பார்த்தார்கள். எதிரியின் கோட்டையில் எத்தனை வாசல், எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது, எந்தத் தளபதிக்கு யார்மேல் மனக்கசப்பு என்று அறிந்து வந்து சொல்வதும், வேண்டிய இரவில் உள்ளே நெருப்பு வைப்பதும் அவர்களுடைய பிழைப்பு. சண்டைகள் ஓய்ந்து, தொழிலே மங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அறிவைத் தொகுத்து எழுதினார்கள். இகாவின் ஃபுஜிபயாஷி குடும்பத்தைச் சேர்ந்தவர் 1676இல் தொகுத்த ‘பன்சென்ஷுகாய்’ அவற்றுள் பெரியது. ஊடுருவும் வழிகளை அந்த நூல் இரண்டாகப் பிரிக்கிறது. முகத்தை எல்லோரும் பார்க்க, வேறொருவனாக நடித்துப் பகலில் உள்ளே போவது ஒரு வழி. உருவமே தெரியாமல் இரவில் நுழைவது மற்றொன்று. சினிமா பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே எடுத்துக்கொண்டு, அதிலும் நுழைவதை விட்டுவிட்டு, பிடிபட்ட பிறகு நடக்கும் கைகலப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஆகவே ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது வழக்கம். அந்த மனிதர் செய்ய வந்த வேலை, யாருக்கும் தெரியாமல் நடந்தால்தான் பயன் தரும் வேலையா என்பது முதலாவது. அவரை அனுப்பியவர் யார், வேலை முடிந்த பிறகு அவரை என்ன செய்வார் என்பது இரண்டாவது. இவற்றுக்குப் படத்துக்குள்ளேயே விடை இருந்து, அந்த விடையை எடுத்துவிட்டால் கதை நிற்காது என்றால், நாயகர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தாலும் அது நிஞ்சாப் படம்தான். முகமூடியைக் கழற்றிவிட்டுப் போலீஸ் உடை மாட்டினாலும் கதை அப்படியே ஓடும் என்றால், அது நிஞ்சாப் படம் அன்று. சாமுராய்ப் படங்களோடு ஒப்பிட்டால் இன்னும் எளிதாகப் புரியும். சாமுராய்ப் படத்தின் வீரர் வாளை உருவுமுன் தன் பெயரையும் குலத்தையும் உரக்கச் சொல்கிறார். அவருடைய கதையெல்லாம் அந்தப் பெயருக்கு வரும் பெருமையும் இழுக்கும்தான். ஷினோபி பெயர் சொன்னால் செத்தார். பெயரே இல்லாத ஒருவரைச் சுற்றிக் கதை சொல்ல வேண்டியிருப்பதுதான் இந்த வகைப் படத்தின் சிரமமும் சுவையும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை): மறைந்திருப்பதும் பொறுத்திருப்பதும்தான் நிஞ்சா என்றால், அதைத் திரையில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அப்படி ஒரு படம் உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா?

பதில்: எடுக்கப்பட்டது மட்டுமல்ல, அது பெருவெற்றி பெற்று, ஜப்பானில் நிஞ்சா மோகத்தையே கிளப்பிவிட்டது. 1962இல் டாயேய் நிறுவனத்துக்காக சாட்சுவோ யாமாமோட்டோ இயக்கிய ‘ஷினோபி நோ மோனோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொல்கிறேன். கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடக மேடையிலிருந்து வந்து டாயேயின் முதன்மை நட்சத்திரங்களில் ஒருவராக விளங்கிய இச்சிகாவா ராய்சோ அதில் நாயகர். மூலக்கதை தொமோயோஷி முராயாமா எழுதிய தொடர்கதை, அது வெளிவந்ததோ ஜப்பானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அகாஹத்தா’ பத்திரிகையில். இந்தப் பின்னணியை வேண்டுமென்றே சொல்கிறேன், ஏனென்றால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இஷிகாவா கோஎமோன் இகாவைச் சேர்ந்த இளம் ஷினோபி. (வரலாற்றில் கோஎமோன் பேர்போன கொள்ளைக்காரர், 1594இல் கியோட்டோவில் கொதிக்கும் கொப்பரையில் இட்டுக் கொல்லப்பட்டவர்.) அவருடைய தலைவர் மோமோச்சி சண்டாயு. அதே வட்டாரத்தில் போட்டித் தலைவர் இன்னொருவர் இருக்கிறார். ஓடா நொபுனாகா என்னும் பெருந்தலைவரைக் கொல்ல வேண்டும் என்று இரு தலைவர்களும் தம் ஆட்களை ஏவுகிறார்கள். ‘அவன் ஆள் முந்திக்கொண்டால் நமக்கு அவமானம்’ என்று இரு பக்கத்தாரும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். உண்மையில் இரண்டு தலைவர்களும் ஒரே ஆள். வேடம் மாற்றி, இரண்டு வீடு வைத்து, தன் ஆட்களையே தனக்காகப் போட்டி போடச் செய்கிறார் சண்டாயு. ஓர் ஒற்றரை இன்னோர் ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன உபாயம், இந்தக் கிழவரின் கையில் கூலியாட்களைப் பிழிந்தெடுக்கும் செக்காகிவிடுகிறது. கோஎமோனைத் தன் மனைவியோடு பழகவிட்டு, அந்தக் குற்றத்தைக் கயிறாகத் திரித்து அவர் கழுத்திலேயே மாட்டி, முதலில் திருடவும் பிறகு நொபுனாகாவைக் கொல்லவும் அனுப்புவதும் சண்டாயுவின் வேலைதான். என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட முழுமையான விடை தந்த படத்தை நான் பார்த்ததில்லை.

முதல் கேள்விக்கு விடை, படத்தின் மிகவும் பேர்போன காட்சியில் இருக்கிறது. நொபுனாகா உறங்கும் அறையின் மச்சில் கோஎமோன் படுத்திருக்கிறார். பலகையில் சிறு துளை. அந்தத் துளை வழியே ஒரு நூலைக் கீழே இறக்கி, அது உறங்குபவரின் உதட்டுக்கு மேலே வந்து நின்றதும், நூலின் வழியாக நஞ்சைச் சொட்டுச் சொட்டாக வழியவிடுகிறார். வாள் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு துளி நூலில் இறங்கி வரும் நேரம் முழுவதும் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நீங்கள் கேட்டீர்களே, யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து 1967இல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இதே நூல், இதே நஞ்சு, பாண்டுக்கு அருகே உறங்கும் பெண்ணின் உயிரைக் குடிக்கிறது. அந்தப் பாண்ட் படத்தில் எரிமலைக்குள் கயிற்றில் இறங்கி நூற்றுக்கணக்கில் சண்டை போடும் நிஞ்சாப் படையும் உண்டு. மேல்நாட்டு ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொண்டது படையைத்தான், நூலை அல்ல. பின்னால் வந்த குளறுபடிகளுக்கெல்லாம் அங்கேதான் வித்து என்று எனக்கு ஓர் எண்ணம்.

1581இல் நொபுனாகாவின் பெரும்படை இகாவுக்குள் புகுந்து ஊர்களை எரித்தது வரலாறு. அந்த அழிவோடுதான் படம் முடிகிறது. ஊர் எரியும்போது கோஎமோனின் முகத்தில் துயரம் மட்டும் தெரிவதில்லை, கட்டு அறுந்த ஒருவரின் நிம்மதியும் தெரிகிறது. இந்தப் படத்தைத் தொடர்ந்து 1966 வரை மொத்தம் எட்டுப் படங்கள் வந்தன. மூன்றாவது படம் வரை கோஎமோனின் கதை. கொப்பரையிலிருந்து அவரை ஆள்மாற்றித் தப்பவைக்கும் திருப்பத்தை நான் ரசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் கறாரான எடுத்துக்காட்டு வேண்டுமானால், 1963இல் டோயேய் என்னும் வேறொரு நிறுவனம் வெளியிட்ட ‘பதினேழு நிஞ்சாக்கள்’ இருக்கிறது. ஷோகன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) பதவிக்கு எதிராகச் சதி செய்தவர்கள் கையெழுத்திட்ட சுருள் ஒன்று சுன்பு கோட்டைக்குள் இருக்கிறது. அதை எடுத்துவர இகாவினர் பதினேழு பேர் போகிறார்கள். கோட்டைக்குள் இருப்பவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு நிஞ்சாவையே காவலுக்கு அமர்த்தியிருக்கிறார்கள். அவருக்கு இவர்களுடைய யுக்திகள் அத்தனையும் தெரியும். அகழி, மதில், கூரை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் ஒருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள். சதுரங்கம் பார்ப்பது போலத்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். இதில் சண்டையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சண்டையும் மறைவு கலைந்ததற்குக் கொடுக்கும் விலையாக வருகிறது. அதனால் வாள் உறையிலிருந்து வரும் ஒலி கேட்டாலே நமக்கு வயிறு கலங்குகிறது. நாயகர் வாளை உருவினால் விசில் அடிக்கத் தோன்றும் படத்துக்கும், ‘ஐயோ, உருவ வேண்டியதாகிவிட்டதே’ என்று பதறச் செய்யும் படத்துக்கும் உள்ள வேறுபாடே போதும், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு தையற்கலைஞர்): அப்படியானால் அந்தக் கறுப்பு உடை பொய்யா? முதன்முதலில் தைத்தவர் யார் என்று அறிய ஆவல்.

பதில்: தொழில்முறை ஆவல், புரிகிறது. தைத்தவர் பெயர் சொல்ல வழியில்லை. ஆனால் உடை எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் ஒன்று உண்டு. கபுகி நாடகத்தில் மேடைப் பொருள்களை எடுத்து வைக்கும் உதவியாளர்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, காட்சி நடக்கும்போதே மேடைக்கு வந்து போவார்கள். அவர்கள் இல்லாதது போலப் பார்ப்பது அந்த நாட்டு நாடக ரசிகர்களின் பழக்கம். அவ்வாறு ‘இல்லாத’ ஒருவர் திடீரென்று கத்தியை எடுத்தால் எப்படி இருக்கும்! கண்ணுக்குத் தெரியாத கொலையாளியைக் கண்ணுக்குக் காட்ட மேடை கண்ட குறுக்குவழி இது. ஓவியத்திலும் அது இடம் பிடித்தது; 1817இல் வெளியான ஹொகுசாயின் வரைபடத் தொகுதி ஒன்றில், கறுப்பு உடையில் ஒருவர் கயிற்றில் ஏறுவதைக் காணலாம்.

ஆக, அந்த உடை மேடைக்கு மெய், தொழிலுக்குப் பொய். 1681இல் எழுதப்பட்ட ‘ஷோனின்கி’ என்ற கையேடு ஒற்றருக்கு ஏழு வேடங்களைச் சொல்கிறது: கூடைத் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக் குழல் ஊதித் திரியும் துறவி, பௌத்தப் பிக்கு, மலைத் தவசி, வணிகர், தெருவித்தை காட்டுபவர், கூத்தாடி, சாதாரண ஆள். துறவி வடிவில் ஒற்றர் திரிவதைப் பற்றி நம்முடைய ஒற்றாடல் அதிகாரத்திலும் ஒரு குறள் இருப்பது நினைவுக்கு வருகிறது. இரவலருக்கும் துறவிக்கும் எந்த நாட்டுக் காவலரும் வழிவிடுவார்கள் போலும். ஏழிலும் கடினமான வேடம் கடைசியில் உள்ள சாதாரண ஆள்தான் என்பேன். நிஞ்சாப் படம் எடுக்கிறவர்கள் தையற்கலைஞரிடம் போக வேண்டியது அதற்காகத்தான்: அழுக்கேறிய, ஒட்டுப் போட்ட, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத ஓர் உடை.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த வாசகர்): எண்பதுகளில் வாடகை வீடியோ கேசட்டில் நாங்கள் விடிய விடியப் பார்த்த அமெரிக்க நிஞ்சாப் படங்களையெல்லாம் ஒரே வரியில் தள்ளிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

பதில்: தள்ளிவிட மாட்டேன். கேசட் கடைக்காரர் ‘பிரிண்ட் சுமார்தான்’ என்று எச்சரித்த பிறகும் வாங்கிச் சென்ற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் பிரியம் வேறு, தராசு வேறு.

தொடக்கம் 1981இல் கேனன் நிறுவனத்துக்காக மெனஹெம் கோலன் இயக்கிய ‘என்டர் தி நிஞ்சா’. நாயகர் ஃப்ராங்கோ நீரோ, இத்தாலியக் கௌபாய்ப் படங்களில் புகழ்பெற்ற நடிகர். தற்காப்புக் கலை அறியாதவர் என்பதால் முகமூடிக்குள்ளிருந்து சண்டை போட்டதெல்லாம் வேறு ஆள். முகமூடியின் பெரும்பயன் அன்றைக்குத்தான் தயாரிப்பாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்லலாம். கதை என்ன? ஜப்பானில் நிஞ்சாப் பயிற்சி முடித்த வெள்ளைக்காரர் ஒருவர், பிலிப்பைன்ஸில் பண்ணை வைத்திருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறார். பண்ணையின் அடியில் எண்ணெய் இருப்பதறிந்த பணக்காரர் நிலத்தைப் பிடுங்க ஆள் அனுப்புகிறார். வந்தவர் நண்பருக்காக அடியாட்களை அடித்து விரட்டுகிறார். குதிரையையும் தொப்பியையும் சேர்த்தால் அப்படியே கௌபாய்ப் படம். நீரோவுக்குப் பழகிய வேடம்தான். போதாததற்கு அவர் அணிவது வெள்ளை உடை! பச்சைக் காட்டுக்குள் வெள்ளை உடுத்தி ஒளியும் ஒற்றரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அந்தப் படத்தில் வில்லனாகக் கறுப்பு உடையில் வந்தவர் ஷோ கொசுகி. உண்மையான பயிற்சி பெற்றவரின் உடல் எப்படி அசையும் என்பதை அவர் வரும் காட்சிகளில் காணலாம். 1983இல் சாம் ஃபர்ஸ்டன்பெர்க் இயக்கிய ‘ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்சா’வில் அவரே நாயகரானார். ஜப்பானில் குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டு, மிஞ்சிய குழந்தையோடு அமெரிக்காவில் பொம்மைக் கடை வைத்துப் பிழைக்கிறார். அந்தப் பொம்மைகளுக்குள் போதைப்பொருளை வைத்துக் கடத்துகிறார் நண்பர். அந்த நண்பரே முகமூடி போட்ட இன்னொரு நிஞ்சா. அந்தப் பத்தாண்டின் அமெரிக்கப் படங்களில் என் தராசில் ஓரளவு எடை காட்டுவது இதுதான். தன் கலையை உலகுக்கு மறைத்து, அப்பாவி வணிகராக வாழ முயலும் மனிதர் அதில் இருக்கிறார். வணிகர் வேடம் பழைய கையேட்டின் ஏழு வேடங்களில் ஒன்றாயிற்றே! கடைசிச் சண்டை உயர்ந்த கட்டடத்தின் மாடியில், நகரம் முழுக்கப் பார்க்கும்படி நடப்பது அந்த மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது. மறு ஆண்டில் அதே இயக்குநர் எடுத்த, இந்த வரிசையின் மூன்றாவது படத்தில் செத்த நிஞ்சாவின் ஆவி ஏரோபிக்ஸ் கற்பிக்கும் பெண்ணின் மேல் ஏறுகிறது. அதைப் பேய்ப் படங்களைப் பற்றிய இதழுக்கு ஒத்திவைக்கலாம். 1985இன் ‘அமெரிக்கன் நிஞ்சா’ ராணுவ முகாமில் நடக்கும் வீரசாகசம். நாயகர் மைக்கேல் டூடிகாஃப்புக்கும் தற்காப்புக் கலைப் பின்னணி கிடையாது.

அதே ஆண்டுகளில் ஹாங்காங்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. இயக்குநர் காட்ஃப்ரே ஹோவும் அவரைச் சார்ந்த தயாரிப்பாளர்களும், விலைபோகாத ஆசியப் படங்களை மலிவாக வாங்கி, மேல்நாட்டு நடிகர்கள் சிலருக்கு வண்ண வண்ண நிஞ்சா உடை மாட்டி, பூங்காவில் கொஞ்சம் சண்டை எடுத்து இரண்டையும் ஒட்டினார்கள். பழைய படத்தில் உள்ளவரும் புதிய காட்சியில் உள்ளவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வதாகக் காட்டிக் கதையைத் தைத்துவிடுவார்கள். ‘நிஞ்சாவை எடுத்துவிட்டாலும் கதை நிற்குமா’ என்ற என் சோதனையை இவை சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகின்றன: நிஞ்சாக் காட்சிகளைக் கத்தரித்தால் ஒரு முழுப்படம் அப்படியே மிஞ்சும், அதுவும் முன்னதைவிட நல்ல படமாக.

இவற்றோடு சேர்த்துவிடக் கூடாத படம் ஒன்று உண்டு. 1982இல் ஷா சகோதரர்களின் நிறுவனத்துக்காக சாங் சே இயக்கிய ‘ஃபைவ் எலிமென்ட் நிஞ்சாஸ்’. பொன், மரம், நீர், நெருப்பு, மண் என்று ஐந்து அணிகள். பொன்னணி தகடுகளால் கண்ணைக் கூசச் செய்கிறது, மர அணி அடிமரத்துக்குள் ஒளிகிறது, நீரணி ஆற்றுக்குள் இழுக்கிறது, நெருப்பணி புகையால் மூடுகிறது, மண்ணணி காலுக்கடியிலிருந்து ஈட்டியால் குத்துகிறது. வரலாறு என்று பார்த்தால் இதில் ஒன்றும் தேறாது. ஆனாலும் சண்டை ஒவ்வொன்றும் ‘எதிரி எங்கே இருக்கிறான்’ என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. நேருக்கு நேர் மோதி வெல்லப் பழகிய சீன வீரர்கள், காண முடியாத எதிரியிடம் தோற்று, பிறகு மறைவுக் கலையையே கற்றுத்தான் பழிதீர்க்கிறார்கள். மறைவை எடுத்துவிட்டால் படம் இல்லை. ஆதலால் ரத்தமும் மிகைநடிப்பும் எவ்வளவு இருந்தாலும், அமெரிக்கப் படங்கள் பலவற்றுக்கு மேலே இதை வைக்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): புகையில் மறைவது, மிருகமாக உருமாறுவது போன்ற மாயவித்தைகள் வந்தால் அது பொய்யான நிஞ்சாப் படம் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. நான் மேலே சொன்ன யதார்த்தப் படங்களைவிட மாயவித்தைப் படங்கள் வயதில் மூத்தவை. 1921இல் ஷோசோ மகினோ எடுத்த ஜிராயா பற்றிய மௌனப் படத்தில், நாயகர் ஒனோயே மாட்சுனோசுகே பெருந்தேரையாக உருமாறுகிறார். கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மீண்டும் ஓட்டும் எளிய தந்திரத்தால் மனிதர்கள் சட்டென்று மறைந்துபோகிறார்கள். ஜிராயாவும் அவருடைய தேரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைப் புத்தகங்களிலும் கபுகி மேடையிலும் வாழ்ந்து திரைக்கு வந்தவர்கள். 1910களில் சிறுவர்கள் கையில் தவழ்ந்த தச்சிகாவா மலிவுப் பதிப்புகளில் சருதோபி சாசுகே என்னும் மாய நிஞ்சா கொடிகட்டிப் பறந்தார். நம் ஊரில் மாயாஜாலப் படங்களைப் பார்த்துக் கைதட்டியவர்கள் அவற்றைப் பொய் என்று குறை சொல்லவில்லையே.

மாயத்தை நான் அளப்பது இப்படித்தான்: அந்த வித்தை மறைவதற்குப் பயன்படுகிறதா, வெறும் வெடியாக வெடிக்கிறதா? அதே சருதோபி சாசுகேயை 1965இல் மசஹிரோ ஷினோடா ‘சாமுராய் ஸ்பை’ என்ற படத்தில் மாயம் ஏதுமற்ற சோர்ந்த ஒற்றராக மாற்றினார். ஜப்பானின் ஆட்சி யார் கையில் என்பதை முடிவுசெய்த செகிகஹாராப் போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள். அடுத்த போர் வாசலில் நிற்கிறது. யார் எந்தப் பக்கத்து ஆள் என்பது அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. முதல் முறை பார்க்கும்போது கதை குழப்பும், அதற்காக நிறுத்திவிட வேண்டாம். ஒற்றரின் வாழ்க்கையே அந்தக் குழப்பம்தான் என்று இயக்குநர் நினைத்திருக்கிறார், பனிமூட்டத்தையும் வெற்று வெளியையும் அதற்காகவே நிரப்பி வைத்திருக்கிறார்.

மறுபுறம், 2009இல் வந்த ‘நிஞ்ஜா அசாசின்’ இருக்கிறது. அநாதைக் குழந்தைகளைப் பிடித்துக் கொலைக்கருவிகளாக வளர்க்கும் கூட்டம், அதிலிருந்து ஓடிவந்த ஒருவர், துரத்தும் தலைவர் என்று என் இரண்டாவது கேள்விக்குச் சரியான அடித்தளம். தலைவராக வருபவர் நம் பழைய ஷோ கொசுகிதான். ஆனால் நிழலுக்குள் கரைந்துபோகும் வித்தையை அவ்வளவு அழகாகக் காட்டிவிட்டு, அடுத்த நொடியே திரை முழுவதும் ரத்தத்தை வாரி இறைக்கிறார்கள். மறைந்து வருகிறவர்கள் இத்தனை தடயம் விட்டுச் செல்வதை எந்தத் தலைவர் பொறுப்பார்?

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்): காஞ்சிபுரத்துப் போதிதருமர் கற்றுக்கொடுத்ததுதான் நிஞ்சாக் கலைக்கும் மூலமா?

பதில்: இல்லை. போதிதருமரை ஷாவோலின் மடத்துச் சண்டைக் கலையோடு இணைப்பதே பிற்காலத்தில் எழுந்த ஐதிகம் என்பது வரலாற்றறிஞர்களின் கருத்து. இகாவின் ஒற்றுத் தொழிலுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை): என் ஏழு வயது மகன் தொலைக்காட்சியில் நிஞ்சா ஹட்டோரியைத் தமிழில் பார்த்துவிட்டு, ‘அப்பா, ஹட்டோரி உண்மையான நிஞ்சாவா?’ என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

பதில்: முதல் கேள்வியைக் கேட்ட கல்லூரி மாணவரைவிட உங்கள் மகன் கூர்மையாகக் கேட்டிருக்கிறார். ஹட்டோரி என்பது இகாவில் வேரூன்றிய குடும்பப் பெயர். 1582இல், பின்னாளில் ஷோகனான தொகுகாவா இயெயாசு இகா மலைவழியே உயிர்தப்பிச் செல்லத் துணைநின்றதாகச் சொல்லப்படும் ஹட்டோரி ஹன்சோ அந்தக் குடும்பத்தவர். கார்ட்டூனில் வரும் ஹட்டோரியும் இகாவைச் சேர்ந்தவர், அவருடைய போட்டியாளரோ கோகாவைச் சேர்ந்தவர். இந்த நுணுக்கத்தைக்கூட அமெரிக்கப் படங்களில் காண்பது அரிது. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, அந்த வீட்டுப் பையனின் வீட்டுப்பாடத்திலிருந்து தெருச்சண்டை வரை எல்லாவற்றிலும் ஊரறியத் தலையிடுகிறாரே, அதற்காகப் பாதியைக் கழித்துவிடுங்கள்.

தவளையைக் கண்டால் ஹட்டோரி நடுங்குவார் என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். 1921இல் தேரையாக உருமாறிய ஜிராயாவும் ஹட்டோரியும் எதிரெதிரே வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.